நெகிழச் சொன்னவள்

காட்டோர முகாம் ஒன்றில் தேவகி என்றொரு கிழட்டு யானை இருந்தது. அதன் காதுமடலில் ஓர் இரத்தக்குழாய். அந்தக் குழாயில் இருவர் குடித்தனம் செய்தார்கள். வெளிச்சுவராக நின்ற தசை, அவன். உட்புறம் மெல்லியதாய்ப் படர்ந்திருந்த உள்தோல், அவள்.

யானைக்கு நம்மைப் போல வியர்க்காது. வெயில் ஏறினால் இரத்தம் காதுக்கு வந்து ஆறிப் போக வேண்டும். அதற்குக் குழாய் விரிந்து வழிவிட வேண்டும்.

இளமையில் அது தானாக நடந்தது. ஆபத்து என்றால் நரம்பு, "சுருங்கு!" என்று கத்தும். தசை இறுகுவான். ஆபத்து கடந்ததும் உள்தோல், "போதும், விடுங்க" என்பாள். அவன் நெகிழ்வான்.

வயது ஏற ஏற அவள் குரல் மெலிந்தது. பிறகு கேட்கவே இல்லை.

ஒரு சித்திரை மத்தியானம் பாகன் சடையன் தேவகியை ஆற்றுக்கு ஓட்டிப் போனான். பாதி வழியில் யானை நின்றுவிட்டது. உடம்பு உலையாய்க் கொதித்தது. கழுத்தில் உட்கார்ந்திருந்த சடையன், அடம் பிடிக்கிறது என்று நினைத்து, காதுக்குப் பின்னால் கால்விரலால் ஓங்கி உந்தினான்.

"சுருங்கு!" என்றது நரம்பு. தசை இறுகினான்.

"அண்ணே, வழி விடுங்க," என்று இரத்தம் கெஞ்சியது. "இந்தச் சூட்டை நான் எங்கே கொண்டுபோய் இறக்குவேன்? யானை விழுந்துடும்."

"இறுகுறதுக்கு மட்டும் அண்ணன் இன்னும் இளவட்டம்தான்," என்றது நரம்பு.

"நெகிழ எனக்கு மறந்து போகல. அவ சொல்லாம நான் என்னைக்கும் நெகிழ்ந்ததில்ல," என்றான் தசை.

பின்னால் தழைக்கட்டோடு வந்த சடையன் மனைவி ரங்கி கட்டைக் கீழே போட்டாள்.

"கிழவிகிட்டயா உன் வீரம்? எறங்குய்யா கீழே! அடமில்ல, வெந்துபோய் நிக்குது."

சடையன் இறங்கினான். அவன் உந்திய இடத்தில் ரங்கி உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவினாள். நரம்பு அடங்கியது. இரத்தம் உள்தோலை உரசிக்கொண்டு ஊர்ந்தது.

தசை காத்திருந்தான்.

"போதும், விடுங்க."

எங்கிருந்தோ வந்தது போலிருந்தது. பழைய குரலில் கால்பங்குகூட இல்லை. அவன் சற்றே நெகிழ்ந்தான். இரத்தம் காதுமடல் எங்கும் பரவியது. தேவகி காதை வீசியது; பிறகு ஓர் அடி எடுத்து வைத்தது.

"இன்னொரு தடவ சொல்லேன்," என்றான் தசை.

பதில் இல்லை. அவள்தான் சொன்னாளா, தானே நினைத்துக்கொண்டானா, அவனுக்குத் தெரியவில்லை.

ஆனாலும் ஆறு வரும்வரை அவன் இறுகவே இல்லை.