கட்டாயமில்லாத கட்டம்

குருவம்மாவுக்கு அன்று சமையல் முறை. அந்த ஆசிரமத்தில் குரு என்பதற்காக அடுப்படியிலிருந்து யாருக்கும் விலக்குக் கிடையாது. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவரின் எதிரில், தினமும் வந்துபோகும் சிஷ்யை வசுமதி மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, போடட்டுமா, வேண்டாமா?"

"நேத்தும் இதையேதான் கேட்டே. முந்தாநாளும்."

வசுமதிக்கு நாற்பத்தொரு வயது. மாமியார் படுத்த படுக்கையானபோது வேலையை விட்டவள். அவர் காலமான பிறகு மறுபடி வேலை தேடுகிறாள். இப்படி நடுவில் வேலையை விட்ட பெண்களுக்கென்று ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் பயிற்சி கொடுத்து வேலையும் தருகிறது. அடுத்த வருடம் இவளுக்கு வயது தாண்டிவிடும். விண்ணப்பிக்க இன்று மாலைதான் கடைசி. திறனறித் தேர்வு மதிப்பெண்ணுக்கு அதில் ஒரு கட்டம். பக்கத்தில் 'கட்டாயமில்லை' என்று பொடி எழுத்து.

"போட்டா, இவ்வளவுதானாம்பான். விட்டா, ஒளிக்கிறாம்பான். கட்டாயமில்லைன்னா அந்தக் கட்டம் எதுக்கு? என் பொறுமையைச் சோதிக்கவா?"

"எவ்வளவு வாங்கினே?"

"நூத்துக்கு ஐம்பத்தெட்டு. அந்த ரயில் கணக்குதான் என் உயிரை எடுத்துச்சு. ரெண்டு ரயில் எதிரும் புதிருமா வந்தா எனக்கென்ன? நான் என்ன ஸ்டேஷன் மாஸ்டரா?"

குருவம்மா சிரிக்கவில்லை. "மத்த கட்டமெல்லாம்?"

"அதெல்லாம் எப்பவோ முடிச்சாச்சு."

"படி."

"வேலையை விட்ட பின் இத்தனை வருடம் என்ன செய்தீர்கள்? இல்லத்தரசி."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். ஒரு வார்த்தை போதாதா?"

குருவம்மா கத்தியைக் கீழே வைத்தார். "மாமியாரோட டயாலிசிஸ் பில்லுக்குப் பணம் தர மாட்டேன்ன இன்சூரன்ஸ்காரங்ககிட்ட மல்லுக்கட்டி வாங்கினது யாரு?"

"நான்தான்."

"உங்க தெருவுல யாருக்கு கிளெய்ம் நின்னாலும் ஃபைலைத் தூக்கிக்கிட்டு யார் வீட்டுக்கு ஓடி வராங்க?"

"அதெல்லாம் வீட்டோட வீடா செஞ்சதும்மா, அதைப் போய் எழுதுவாங்களா? இந்த மார்க்குக்கு ஒரு வழி சொல்லுங்கன்னா..."

"எழுந்து போ. சாப்பாட்டுக்குக் கூப்பிடுறேன்."

கூப்பிட்டபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வசுமதி பசியோடு வந்து உட்கார்ந்தாள். தட்டில் அரிசி கிடந்தது. சோறில்லை, அரிசி. களைந்த ஈரம்கூடக் காயவில்லை.

"என்னம்மா இது?"

"தட்டு ஓரத்துல ஊறுகாய் வைக்கலாமா வேண்டாமான்னு காலையிலேருந்து யோசனை. வெச்சா காரம்பே. வைக்கலைன்னா கஞ்சம்பே. அந்தக் குழப்பத்துல சோறாக்க மறந்துட்டேன்."

"விளையாடாதீங்கம்மா! எனக்குப் பசியில கண்ணைக் கட்டுது. ஊறுகாய் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? சோத்தைப் போடாம யாராவது..."

பாதியில் வாய் நின்றுபோனது. ஈர அரிசியைப் பார்த்தாள். பக்கத்தில் திறந்தே கிடந்த மடிக்கணினியில் அந்த ஒற்றை 'இல்லத்தரசி'யைப் பார்த்தாள்.

குருவம்மா மோரை எடுக்கத் திரும்பினார்.

"புரியுதும்மா," என்றாள் வசுமதி. பிறகு, மனசு கேட்காமல், "ஆனா அந்த மார்க்கைப் போடட்டுமா, வேண்டாமா?"

குருவம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"முதல்ல உலையை வைடி."