சொருகியது யார்?

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக். அங்கே லேப் உதவியாளர் பேச்சியம்மாள் எல்லா லேப்டாப்பிலும் விண்டோஸுக்குப் பதிலாக, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் போட்டிருந்தாள். விழா மேடைக்கான லேப்டாப்பில் மட்டும் வைஃபை வரவில்லை.

முதல்வர் எபனேசருக்கு இலவசம் என்றாலே இளக்காரம். "நாளைக்கு விழாவுக்குள்ள வைஃபை வரலைன்னா எல்லா மெஷின்லயும் உன் லினக்ஸை அழிச்சிருவேன்" என்றார்.

"வைஃபை கார்டு வேலை செய்ய டிரைவர்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர் வேணும் சார். வேற கம்ப்யூட்டர்ல இறக்கி, பென் டிரைவ்ல கொண்டுவந்து போட்டுருதேன்."

"வைரஸ் வரும். இதுல பென் டிரைவோ கேபிளோ யார் சொருகினாலும் சஸ்பெண்டுதான்."

பேச்சியம்மாள் சரி என்றாள்.

சாயங்காலம் அவர் தன் பென் டிரைவைக் கொடுத்து, விழா உரையை ஆபீஸ் கம்ப்யூட்டரில் டைப் பண்ணி அதில் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் மேடையில், உரையைத் திறக்க அவரே அந்தப் பென் டிரைவை லேப்டாப்பில் சொருகினார். "கொஞ்சம் தள்ளிக்கிடுங்க சார்" என்று பேச்சியம்மாள் இரண்டு வரி தட்டினாள். வைஃபை வந்துவிட்டது.

"டிரைவர் எப்படி உள்ள வந்துச்சு?"

"உங்க உரைக்குப் பக்கத்துலயே வச்சிருந்தேன் சார்."

"பென் டிரைவ் சொருகக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"நான் சொருகலையே சார்."

மைக் அணைக்கப்படவில்லை. அரங்கம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. தான் போட்ட உத்தரவு தனக்கும் சேர்த்துத்தான் என்பது எபனேசருக்கு அப்போதுதான் உறைத்தது.