ஜன்னலோரத்து நாற்காலி

ஒரு ஊர் இருந்தது. ஊர் என்றால் பஸ் ஸ்டாண்டு இருக்கும். பஸ் ஸ்டாண்டு இருந்தால் பஸ் இருக்கும். பஸ் இருந்தால் அதில் டிக்கெட் எடுக்காத ஒருவன் இருப்பான். அவன் இருந்தால் அவனைப் பிடிக்க ஒரு செக்கர் இருந்தாக வேண்டும். அந்தச் செக்கரின் பெயர் சோலைமலை.

இருபத்தேழு வருஷம் பஸ்ஸை வழிமறித்து ஏறியவர். டிக்கெட் இல்லாதவனை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். "இல்லாதவன்தான் ரொம்ப நேரம் பையைத் தேடுவான்" என்பார். யாரையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. கதை எழுதுவார். அடுத்த பஸ் வரும்வரை புளியமரத்தடியில் நின்றபடியே ஒரு நோட்டில் எழுதுவார். கடைசியாக எழுதிய கதையில் ஒரு கல்யாணப் பெண், தாலி கட்ட அரைமணி இருக்கும்போது, மாலையும் கழுத்துமாக நத்தம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். அவள் எந்த நிறுத்தத்தில் இறங்குவாள் என்று எழுதுவதற்குள் சோலைமலைக்குக் கண் போய்விட்டது. கண் அழுத்தம் என்றார்கள். போய்விட்டது என்றுதான் அவரும் எல்லோரிடமும் சொன்னார்.

பெண் மூன்று வருஷமாக பஸ்ஸிலேயே நிற்கிறாள்.

மருமகனை உட்காரவைத்து, தான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். மருமகன் இரண்டே பக்கத்தில் அந்தப் பெண்ணை அழவைத்து, இறக்கி, மண்டபத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார். பக்கத்து வீட்டில் ஒருத்தி வாசித்துக் காட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது.

"குடும்பத்துக்கு ஆகுற மாதிரி முடிச்சிருக்கேன் மாமா" என்றார் மருமகன்.

போனிடம் வாயால் சொல்லிப் பார்த்தார். "கழுத்துல மாலை" என்றால் அது "கழுதை மேல" என்று எழுதி வைத்தது.

இனி தன் விரலால்தான் எழுத வேண்டும். அப்படித்தான் அவர் பியூலா டீச்சரிடம் வந்து சேர்ந்தார்.

சோலைமலைக்கு ஐம்பத்தாறு வயது. டீச்சருக்கு முப்பத்தொன்று. பிறவியிலேயே பார்வை கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில், கண் தெரியாதவர்களுக்குப் போனும் கம்ப்யூட்டரும் சொல்லிக்கொடுத்தார். சேருகிற அன்று விண்ணப்பத்தில் எழுத, பார்வை எவ்வளவு என்று கேட்டார்கள். "ரெண்டும் சுத்தமா போச்சு" என்றார் சோலைமலை. பிறகு ஒரு நாற்காலியை ஜன்னலோரத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பாடம் சுலபமாகத்தான் இருந்தது. திரையில் விரல் படும் இடத்தை போன் சொல்லும். 'க' மேல் பட்டால் 'க' என்னும். விரலை எடுத்தால் 'க' விழும்.

"திரை வெளிச்சத்தை அணைச்சிருங்க. நமக்கு அது எதுக்கு? பேட்டரி மிச்சம்" என்றார் டீச்சர்.

எல்லோரும் அணைத்தார்கள். "அணைச்சிட்டேன்" என்றார் சோலைமலை.

கூடப் படித்தவர்களில் நிலோபர் என்று ஒரு கல்லூரிப் பெண். பஸ் ஸ்டாண்டுச் சத்தங்களைப் போனில் பிடித்து, வெட்டி ஒட்டி, நாடகம் செய்வாள். ஆறு வாரத்தில் ஒரு கண்டக்டருக்கும் கூடையில் வந்த கோழிக்கும் நடக்கிற சண்டையை முழுசாகச் செய்து முடித்துவிட்டாள். கேட்டவர்களெல்லாம் கோழி பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

ஆறு வாரத்தில் சோலைமலை எழுதியது ஒன்பது வார்த்தை.

"செக்கர் ஐயா, உங்க கல்யாணப் பொண்ணு இன்னும் டிக்கெட் எடுக்கலியா?" என்று கேட்டாள் நிலோபர்.

"வண்டி ஓடுதும்மா" என்றார் சோலைமலை.

ஓடவில்லை என்று அவருக்குத் தெரியும். அப்போதுதான் அவருக்கு டீச்சர் மேல் சந்தேகம் வந்தது.

டீச்சரின் போன் பேசுகிற வேகம் கடுகு வெடிக்கிற வேகம். அதை மனுஷக் காது எப்படிப் பிடிக்கும்? ஒருநாள் கேட்டேவிட்டார்.

"இப்ப அது என்ன சொல்லுச்சு டீச்சர்?"

"எங்க அக்கா எழுதியிருக்கா. தேங்காய் வாங்கிட்டு வரச் சொல்றா. ரெண்டு. ஒண்ணு முத்தலா."

தேங்காய் சரி. முத்தல் என்பதெல்லாம் காதில் விழுகிற சமாசாரமா? ஓரக்கண்ணால் வாசித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் திடீர்ச் சோதனை. செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு, மூச்சை அடக்கி, கதவோரம் வந்து நின்றார்.

"வாங்க ஐயா" என்றார் டீச்சர். "மூக்குப்பொடி மாத்திட்டீங்களா?"

சோலைமலைக்குள் சந்தேகம் ஒரு படி ஏறியது. அவர் கணக்கு இதுதான். டீச்சருக்குத் துளி பார்வை இருந்தால், அவர் செய்து காட்டுவதெல்லாம் வித்தை. கண் முழுசாகப் போனவனால் எழுத முடியாது. அந்தப் பெண் பஸ்ஸை விட்டு இறங்கவே மாட்டாள்.

மாடிப்படிக்குக் கீழே அழகர் இஸ்திரி வண்டி போட்டிருந்தார். சோலைமலை அவரிடம் போனார்.

"அழகரு, ஒண்ணு கேப்பேன். மறைக்காம சொல்லணும்."

"கேளுங்க செக்கர் ஐயா."

"டீச்சருக்குக் கண்ணு தெரியுமா?"

அழகர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"அதுக்குத்தான் தெரியாதே."

"தெரியாதுன்னு நீ பாத்தியா?"

"தெரியாததை எப்படி ஐயா பாக்குறது?" அழகர் யோசித்தார். "ஆனா ஒண்ணு. போன வாரம் சேலைல மடிப்பு கோணலா இருக்குன்னு திருப்பிக் குடுத்துச்சு. எனக்கே அந்தக் கோணல் தெரியல."

"பாத்தியா?"

"தடவித்தான் ஐயா சொல்லுச்சு."

"தடவுற மாதிரி பாத்திருக்கும்."

அழகர் மறுபடி பெட்டியை எடுத்தார். "உங்ககிட்ட டிக்கெட்டோட மாட்டினவனும் பாவந்தான்" என்றார்.

அடுத்த நாள் சோலைமலை ஒரு காரியம் செய்தார். வகுப்புக்கு முன்னே வந்து, மூலையில் கிடந்த ஸ்டூலை எடுத்து, டீச்சர் நடக்கிற வழியில் வைத்துவிட்டு, தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

டீச்சர் வந்தார். முட்டியில் நங்கென்று இடித்தது. குனிந்து தேய்த்துக்கொண்டார். ஸ்டூலை எடுத்து மூலையில் வைத்தார். பாடத்தை ஆரம்பித்தார்.

விலகிப் போயிருந்தால் பார்வை இருக்கிறது என்று ஆகும். இடித்துக்கொண்டாரே? சோலைமலை அன்று முழுக்க அதையே யோசித்தார். கடைசியில் பிடிபட்டது. ரொம்ப நேரம் தேய்த்தார். இல்லாதவன்தான் ரொம்ப நேரம் பையைத் தேடுவான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில்தான் அவருக்கு அசல் சாட்சி கிடைத்தது.

வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிவிட்டார்கள். சோலைமலை செருப்பைத் தேடுகிற சாக்கில் வாசலில் நின்றார். டீச்சர் கைக்கம்பை எடுத்தார். கதவு வரை வந்தார். சுவரைத் தொட்டு விளக்கை அணைத்தார். கதவைப் பூட்டினார்.

பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவருக்கு விளக்கு எதற்கு?

அவசரப்படவில்லை. மூன்று நாள் பொறுத்தார். மூன்று நாளும் அதே விளக்கு. நான்காம் நாள், டீச்சர் விளக்கை அணைத்துவிட்டுப் பூட்டை எடுத்தபோது, வழியை அடைத்து நின்றார்.

"கொஞ்சம் நில்லுங்க டீச்சர்."

பஸ்ஸுக்குள் ஏறியதும் எழும்புகிற குரல் அது. வெகுநாளைக்குப் பிறகு வெளியே வந்தது.

"சொல்லுங்க ஐயா."

"உங்களுக்குப் பார்வை இருக்கு."

"அப்படியா?"

"எத்தனையோ பேரைப் பிடிச்சிருக்கேன். எங்கிட்ட நடக்காது."

"எதை வச்சு சொல்றீங்க?"

"இப்ப என்ன செஞ்சீங்க?"

"பூட்டப் போறேன்."

"அதுக்கு முந்தி?"

"விளக்கை அணைச்சேன்."

"பார்வையே இல்லாதவங்களுக்கு விளக்கு எதுக்கு? நானும் மூணு நாளா கவனிக்கிறேன்."

டீச்சர் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மேலே தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"இந்த மழையில சுவிட்சு சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சா ஐயா?"

"சத்தம் எதுக்கு? ரூமே சட்டுன்னு இருட்டாயிருச்சே."

சொன்ன பிறகுதான், சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.



"எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார் டீச்சர்.

சோலைமலை கதவைப் பிடித்துக்கொண்டார்.

"இடது கண்ணுல ஒரு கீத்து. கதவிடுக்கு மாதிரி. தை தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"வீட்டுக்குத் தெரியுமா?"

"சொல்லல. இங்கயும் மறைச்சேன். முழுசா போனவங்களுக்குத்தான் இங்க இடம்னு யாரோ சொன்னாங்க."

"யாரு சொன்னது? அரைக்கண்ணு, கால்கண்ணு எல்லாரும் வந்து படிச்சிட்டுப் போயிருக்காங்க."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே தெரியும். இங்க வர்றவங்க நாற்காலியை ஃபேன் பக்கம் இழுப்பாங்க. நீங்க ஜன்னல் பக்கம் இழுத்தீங்க. மத்தவங்க போன் காதுப் பக்கமிருந்து பேசும். உங்க போன் மூக்குப் பக்கமிருந்து பேசும்."

"அப்ப விளக்கு?"

"நீங்க சேர்ந்த மறுநாள்லேர்ந்துதான் போடுறேன். அதுவரைக்கும் இங்க பல்பே கிடையாது. அழகரண்ணன்தான் வாங்கி மாட்டிக் குடுத்தார். யாருக்குன்னு அவர் கேக்கல."

சோலைமலை தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்த ஸ்டூலு..."

"ஸ்டூலெல்லாம் ஒரே பொடி வாசனை. முட்டி இன்னும் வலிக்குது."

"தெரிஞ்சுகிட்டே ஏன் டீச்சர் கேக்கல?"

"டிக்கெட் கேக்குறது உங்க வேலை ஐயா. என் வேலை இல்ல."

சோலைமலை அப்போதும் விடவில்லை.

"உங்களுக்குத் துளிகூட இல்லியா?"

"இல்ல."

"நிஜமாவே?"

"நம்பாட்டியும் பரவாயில்ல ஐயா."

"அப்ப நான் கேக்க வந்ததைக் கேட்டுடுறேன். இந்தக் கீத்தும் போயிருச்சுன்னா, அந்தப் பொண்ணு இறங்குவாளா? நான் எழுதுவேனா?"

டீச்சர் பூட்டை மறு கைக்கு மாற்றினார்.

"எனக்குப் பார்வை போனதில்ல ஐயா. அது எனக்கு இருந்ததே இல்ல. இல்லாம எழுதலாம்னு சொல்லுவேன். தினமும் எழுதுறேன். போறப்போ எப்படி இருக்கும்னு என்னைக் கேட்டா, நான் பொய்தான் சொல்லணும்."

"அப்ப யாருகிட்ட போய்க் கேக்குறது?"

டீச்சர் கதவைத் திறந்தார். சுவரைத் தொட்டு விளக்கைப் போட்டார். சாவியை சோலைமலையின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார்.

"பூட்டிட்டு சாவியை அழகரண்ணன்கிட்ட குடுத்துருங்க" என்றார். கம்பால் படியைத் தொட்டுத் தொட்டு இறங்கிப் போனார்.

சோலைமலை உள்ளே வந்தார். ஜன்னலோரத்து நாற்காலி அங்கேயே இருந்தது. அவர் உட்காரவில்லை.

கீழே மழை விடும்வரை டீச்சர் இஸ்திரி வண்டியின் தார்ப்பாய்க்குள் ஒதுங்கி நின்றார். அழகர் கரியை அள்ளி வாளியில் போட்டார். துணிகளை மூட்டை கட்டினார். சேலையை டீச்சர் கையில் கொடுத்தார். டீச்சர் மடிப்பைத் தடவிப் பார்த்தார்.

"இன்னிக்கு நேரா இருக்குண்ணே."

"இருக்கும், இருக்கும். ரெண்டு தடவ போட்டேன்."

மழை தூறலாகக் குறைந்தது. அழகர் தார்ப்பாயை விலக்கி, தற்செயலாக நிமிர்ந்து மாடி ஜன்னலைப் பார்த்தார்.

"என்ன டீச்சரம்மா இது? செக்கர் ஐயா இன்னும் மேலதான் இருக்காரு. போன் பேசுற சத்தம் கேக்குது. நீங்க பாட்டுக்கு லைட்டை அணைச்சிட்டு வந்துட்டீங்களே."

டீச்சர் காதைக் கொடுத்தார். மேலே போனின் குரல் ஓர் எழுத்தைச் சொன்னது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னோர் எழுத்தைச் சொன்னது. குரல் காதுப் பக்கமிருந்து வந்ததா, மூக்குப் பக்கமிருந்து வந்ததா என்று அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை.

"நான் அணைக்கலண்ணே" என்றார் டீச்சர்.

சேலையைப் பையில் வைத்துக்கொண்டு, கம்பைத் தட்டியபடி பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்து போனார்.