கண்மாய்க்குள் ஆஸ்திரியா

தவளையேந்தலில் கல்லூரி முடித்தவன் சேந்தன் ஒருவன்தான். அதனால் ஊருக்கு வேண்டிய கவலைகளை எல்லாம் அவனே பட்டுக்கொள்ள வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருந்தது. அவனும் காலையில் பல் விளக்கியதும் கவலைப்பட உட்கார்ந்துவிடுவான்.

அந்த வருஷம் அவனுக்குச் சொந்தக் கவலை ஒன்று வந்து சேர்ந்தது. லிஸ்பனில் இருக்கும் அக்கா மங்கை தன் மகளுக்குக் காது குத்த வைகாசி பதினெட்டு என்று நாள் குறித்துவிட்டாள்.

"தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும். நீ வரலேன்னா அவரு தம்பி மடியில உக்கார வச்சிருவாங்கடா. அப்புறம் மாமன்னு சொல்லிக்கிட்டு எம்மக கல்யாணத்துக்கு வராத!" என்று போனை வைத்துவிட்டாள்.

வியன்னாவில் இறங்குவது, அங்கே ஒரு காரை எடுத்துக்கொண்டு ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், ஸ்பெயின் எல்லாம் பார்த்துக்கொண்டே போர்ச்சுகல் போய்ச் சேர்வது என்று திட்டம் போட்டார்கள். காரை ஓட்டுவதற்கு வைரவன் சித்தப்பா. சொந்தமாக டெம்போ வைத்திருந்தார். மானாமதுரையைத் தாண்டி ஓட்டியதில்லை.

மதுரையில் ஒரு டிராவல்ஸ்காரர் சொன்னார்: "எங்க நுழையிறீங்க, எங்க வெளிய போறீங்க, எத்தனை நாள் தங்குவீங்கன்னு விசா ஆபீஸ்ல கேப்பாங்க. தடுமாறக் கூடாது. ஊர்ல ஒருதடவை ஒத்திகை பாத்துட்டு வாங்க."

படித்தவன் காதில் விழுந்த சொல் வீணாகுமா? மறுநாளே வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் சுண்ணாம்புப் பொடியால் ஐரோப்பாவை வரைந்தார்கள். பள்ளிக்கூட அட்லஸைப் பார்த்து அளவு தவறாமல் வரைந்ததில், சுவிட்சர்லாந்துக்குள் டெம்போ நுழையாது என்று தெரிந்தது.

"கொஞ்சம் பெருசா வரைஞ்சா என்ன?" என்றார் சித்தப்பா.

"அடுத்த நாட்டு நிலத்த எடுத்துப் போட நமக்கு என்ன சித்தப்பு உரிமை இருக்கு?" என்றான் சேந்தன்.

அந்த நாட்டை நடந்து பார்ப்பது என்று எழுதிக்கொண்டார்கள். ஆல்ப்ஸ் மலைக்கு நாலு டிராக்டர் மண் கொட்டினார்கள்.

எல்லை அதிகாரியாக முத்திருளனைப் போட்டார்கள். கறாரான ஆள். சாயங்காலம் வீடு திரும்பும் தன் பசுவையே யாருடையது என்று விசாரித்துத்தான் தொழுவத்துக்குள் விடுவான். ஆஸ்திரியாவின் கோட்டுக்கு அருகே நாற்காலி போட்டு, குடை பிடித்து, உருளைக்கிழங்கில் வெட்டிய முத்திரையோடு உட்கார்ந்தான்.

ஐரோப்பாவில் டிரைவர் இடப்பக்கம் உட்காருவார் என்பதால் சித்தப்பா இடப்பக்கம் உட்கார்ந்தார். ஸ்டீயரிங் வலப்பக்கமே இருந்துவிட்டது. அதைச் சேந்தன் பிடித்துக்கொள்ள, ஊர் சேர்ந்து டெம்போவைத் தள்ளியது.

"எதுக்கு வந்தீக?" என்றான் முத்திருளன்.

"காதுகுத்துக்கு."

"யாருக்கு?"

"ஒனக்குத் தெரியாதாப்பா? நம்ம மங்கை மகளுக்கு."

"எனக்குத் தெரியும் சித்தப்பு. ஆபீசருக்குத் தெரியாது."

ஐந்து நாள் தங்கலாம் என்று முத்திரை குத்தினான். ஐந்து நாள் என்று எழுதியிருந்ததால் இருவரும் ஐந்து நாளும் ஆஸ்திரியாவிலேயே தங்கினார்கள். சித்தி கறிக்குழம்பு கொண்டுவந்தாள். வெளிநாட்டுக்குள் கறி போகக்கூடாது என்று அதிகாரி பறிமுதல் செய்து, அங்கேயே சோறு வரவழைத்துச் சாப்பிட்டான்.

ஆறாம் நாள் டெம்போ ஆல்ப்ஸில் புதைந்தது. மறுநாள் சென்னையில் விசா நேர்காணல். சேந்தன் கோட்டருகே ஓடினான்.

"முத்திருளு, வழிவிடு. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"ஒன் விசா நேத்தோட முடிஞ்சிருச்சே மாப்ள."

"அதான் வெளிய போறேங்கிறேன்!"

"விசா முடிஞ்சவன் எல்லையத் தாண்டுனா குத்தம்."

"அப்ப இங்கேயே இருக்கவா?"

"விசா முடிஞ்சவன் இருந்தாலும் குத்தம்."

சேந்தன் யோசித்துப் பார்த்தான். இரண்டுமே நியாயமாகத்தான் பட்டது. கண்மாய்க்கரை மேல் மதுரை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஆஸ்திரியாவிலிருந்து கையை நீட்டினான். வெளிநாட்டில் நிற்பவனுக்கு டவுன் பஸ் நிறுத்துவார்களா என்ன? நேர்காணல் போயிற்று.

சேதி கேட்டு மங்கை போனில் அழுதாள். அப்புறம் திட்டினாள். அப்புறம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறிவிட்டாள். வைகாசி பதினெட்டு காலையில், ஆசாரியையும் கூட்டிக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கினாள்.

"டேய் சேந்தா, வெளிய வாடா!"

"வர முடியாதுக்கா. நீ உள்ள வாயேன்."

முத்திருளன் மூவரையும் நிறுத்தி விசாரித்தான். மங்கையிடம் இந்திய பாஸ்போர்ட். ஆசாரியிடம் ரேஷன் கார்டு. குழந்தை நிறைமதியிடம் மட்டும் போர்ச்சுகல் பாஸ்போர்ட். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன் எழுந்து நின்று சல்யூட் அடித்தான்.

"பாப்பா ஐரோப்பாக்காரி, போகலாம். மத்தவங்க ஓரமா நில்லுங்க."

நிறைமதி தத்தித் தத்திக் கோட்டைத் தாண்டி மாமன் மடியில் போய் உட்கார்ந்தாள். சேந்தனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் ஊசி இந்தியாவில் இருந்தது, காது ஆஸ்திரியாவில் இருந்தது.

"நல்ல நேரம் போகுதுய்யா!" என்று ஆசாரி கத்தினார்.

"காது வெளிய போகலாமா ஆபீசர்?" என்று சித்தப்பா பணிவாகக் கேட்டார்.

"யாரு காது?"

"பாப்பா காது."

"அது போர்ச்சுகல் காது. தாராளமாப் போகலாம்."

சேந்தன் கோட்டோரம் நகர்ந்து, குழந்தையை மடியில் சாய்த்தான். ஒரு காது எல்லையைத் தாண்டியது. ஆசாரி குத்தினார். குழந்தை வீறிட்டது. திருப்பி வைத்து மற்றக் காதையும் நீட்டினான். அதையும் குத்தினார். ஊர் குலவையிட்டது.

"போதும்டா, வீட்டுக்கு வா!" என்ற மங்கை, பொறுமையிழந்து சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுண்ணாம்புக் கோட்டைக் காலால் சுற்றிச் சுற்றி அழித்துவிட்டாள்.

எல்லாரும் முத்திருளனைப் பார்த்தார்கள். அவன் குடையை மடக்கி, குனிந்து தரையை வெகுநேரம் ஆராய்ந்தான்.

"கோடு இருந்த வரைக்கும் ஆஸ்திரியா உள்ள இருந்துச்சு" என்றான் முகம் வெளிறி. "இப்ப தடுக்க ஒண்ணுமில்ல. ஊருக்குள்ள போயிருச்சு. தவளையேந்தல் பூராவும் இப்ப ஆஸ்திரியாதான். நம்ம ஒருத்தர்கிட்டயும் விசா இல்ல!"

ஜனம் அலறியடித்து வந்து நாற்காலி முன் வரிசை கட்டியது. முத்திருளன் நாற்காலியில் உட்காரப் போனவன் சட்டென்று நிமிர்ந்தான்.

"எனக்கும் விசா இல்லையே!" என்று சொல்லிவிட்டு, வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றுகொண்டான்.

காலி நாற்காலியையும் அதன் முன்னால் பயபக்தியோடு நின்ற ஊரையும் மங்கை மாறி மாறிப் பார்த்தாள். சேந்தன், குழந்தையோடு வரிசையில் நின்றபடி, "அக்கா, லிஸ்பனுக்குத் திரும்பிப் போகணும்ல?" என்று கவலையோடு கேட்டான்.

என்ன இருந்தாலும் அவளும் தவளையேந்தலில் பிறந்தவள். பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, இடம் போய்விடுமே என்று கடைசி ஆளுக்குப் பின்னால் ஓடிப்போய் நின்றாள்.