நகத்தளவு செவ்வாய்

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் முப்பது வருஷம் வண்ணம் சரிபார்த்தவர் சேசுராயன். காலண்டர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மஞ்சள் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டால் ஓடுகிற இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள்.

ஐம்பத்து மூன்றாவது வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு, தெற்கே ஒரு சிறிய கோளரங்கத்தின் வாசலில் வந்து நின்றார். அங்கே ஆவுடைநாயகி என்றொருவர் இருந்தார். சேசுராயனைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். செவ்வாய்க் கிரகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டி அனுப்பும் படங்களில், ஒரே நிறமாகத் தெரியும் மண்ணுக்குள் இருக்கும் வேறு வேறு நிறங்களைப் பிரித்துக் காட்டுவார். அப்படி அவர் செய்த படம் ஒன்றைப் பத்திரிகையில் பார்த்துவிட்டுத்தான் சேசுராயன் வந்திருந்தார்.

இந்த வயதில் இதைப் படிக்க முடியுமா என்று கேட்டார்.

"கண்ணு நல்லாயிருக்கா?"

"இருக்கு டீச்சர்."

"அப்ப உட்காருங்க அண்ணாச்சி."

ஒரு வருஷம் ஓடியது. சேசுராயனுக்கு அங்கேயே தற்காலிகமாக ஒரு வேலையும் கிடைத்திருந்தது. கோளரங்கத்தில் செவ்வாய்க் கண்காட்சி வைப்பதென்று முடிவானது. நுழைந்ததும் எதிரே இருக்கும் பெரிய சுவருக்கு ஆவுடைநாயகி ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தார். வண்டியின் கை மண்ணுக்குப் பக்கத்தில் குனிந்து எடுத்த படம். பெருவிரல் நகம் அளவுக்கு மண், அவ்வளவுதான். வந்தபோது அது காய்ந்த சாணி நிறத்தில் மங்கிக் கிடந்தது. ஆவுடைநாயகி மூன்று நாள் கணினி முன்னால் உட்கார்ந்து, மங்கலுக்குள் ஒளிந்திருந்த நிற வேறுபாடுகளை இழுத்து விரித்தார். நான்காம் நாள் அதே மண்ணில் கருநீல மணிகள் இருந்தன. கண்ணாடிச் சில்லு போல வெளிறியவை இருந்தன. அவற்றின் மேல் குங்குமம் போன்ற தூசி அப்பியிருந்தது. சேசுராயன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

கோளரங்கத்தின் தலைவர் குற்றாலிங்கம் வந்து பார்த்தார். பொல்லாதவர் இல்லை. வீடு வீடாக ஏறி இறங்கி நன்கொடை வாங்கி அந்தக் கட்டடத்தை எழுப்பியவர். படம் அவருக்குப் பிடிக்கவில்லை. செவ்வாய் என்றால் சிவப்பு என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும், இதைப் பார்த்தால் ஆற்று மணல் மாதிரி இருக்கிறது, வருகிறவர்கள் சிரிப்பார்கள் என்றார். ஆவுடைநாயகி மாற்ற மாட்டேன் என்றார்.

தலைவர் சேசுராயனைத் தனியாக அழைத்தார். டீச்சர் நாளைக்குத் தேர்வு வேலைக்காக நாகர்கோவில் போகிறார். அந்த நேரத்தில் படத்தை நன்றாகச் சிவப்பாக்கி ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பிவிட வேண்டும். தற்காலிக வேலையை நிரந்தரமாக்குவது தன் பொறுப்பு என்றும் சொன்னார். சேசுராயன் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

நேராக ஆவுடைநாயகியிடம் போனார். முப்பது வருஷமாக அடக்கி வைத்திருந்த ஏதோ ஒன்று அவர் குரலில் ஏறியிருந்தது.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர். வண்டி அனுப்புன படத்துல நீலம் கிடையாது. நீங்க இழுத்தீங்க, வந்துது. அதே மாதிரி சிவப்பையும் இழுத்தா வரும். நீங்க இழுத்தா அறிவியல், நான் இழுத்தா பொய்யா?"

ஆவுடைநாயகி கோபப்படவில்லை. எழுந்து தன் நாற்காலியைக் காட்டினார்.

"நீங்களே சிவப்பாக்குங்க."

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சேசுராயன் கைக்கு அது பழகின வேலை. திரை முழுக்கச் செக்கச்செவேலென்று பற்றி எரிந்தது.

"நல்லாயிருக்கு," என்றார் ஆவுடைநாயகி. "இப்ப மூலப் படத்தைத் தொடாம, இந்தச் சிவப்புப் படத்தை மட்டும் வச்சு, வண்டி அனுப்புன படத்துக்குத் திரும்பி வாங்க."

சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

சேசுராயன் சிவப்பைக் குறைத்தார். மண் பழுப்பானது, ஆனால் மணிகள் வரவில்லை. கணினியில் ஒவ்வொரு நிறமும் ஓர் எண்; சிவப்பைக் கூட்டியபோது பக்கத்துப் பக்கத்து மணிகளெல்லாம் அந்த எண்ணின் உச்சத்தில் போய் முட்டி ஒன்றாகியிருந்தன. எது கருநீலம், எது வெளிறியது என்று கணினிக்கே இப்போது தெரியவில்லை. மதியச் சாப்பாட்டை மறந்து மல்லுக்கட்டினார்.

அந்த நேரத்தில் ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வந்தது. உப்பளத்து வெயிலில் உழைத்துக் கறுத்துச் செத்துப்போன ஒரு மனிதரின் படத்தை, நினைவஞ்சலி அட்டைக்காக மகன்கள் கொண்டு வந்தார்கள். கொஞ்சம் நிறமாகப் போடுங்கள் என்றார்கள். சேசுராயன் போட்டார். மகன்களுக்குத் திருப்தி. அட்டையை வாங்கிப் பார்த்த அந்த மனிதரின் மனைவி, "இது யாரு?" என்று கேட்டார். பழைய படம் என்று அவர்களிடம் இருந்தது அந்த ஒன்றுதான். வேலை முடிந்ததும் அதை அச்சகத்தில் எங்கேயோ தொலைத்துவிட்டிருந்தார்கள்.

சாயங்காலம் ஆவுடைநாயகி வந்தார்.

"வர முடியல டீச்சர்."

ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார் ஆவுடைநாயகி. கையெழுத்தில் ஒரு பக்கம். எந்த நிறத்தை எவ்வளவு இழுத்தது, எதை எதிலிருந்து கழித்தது என்று வரிசையாக எண்கள்.

"இப்ப என் படத்துலேர்ந்து போங்க."

சேசுராயன் கீழ் வரியில் ஆரம்பித்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே மேலே போனார். கூட்டியதைக் கழித்தார், இழுத்ததை விட்டார். முதல் வரியைத் தொட்டபோது, வண்டி அனுப்பிய அந்த மங்கிய படம் திரையில் நின்றது. மூலத்தோடு எண்ணுக்கு எண் ஒத்துப் பார்த்தார். ஒன்றுகூடப் பிசகவில்லை.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப செவ்வாயோட நிஜ நிறம் எதுதான் டீச்சர்?"

"நான் ஒண்ணைச் சொல்லிட்டா அதுக்கப்புறம் நீங்க மண்ணைப் பாக்க மாட்டீங்க அண்ணாச்சி. என் வாயைத்தான் பாப்பீங்க."

மறுநாள் ஆவுடைநாயகி நாகர்கோவில் போனார். அன்று மத்தியானமே தலைவர் தொலைபேசியில் கூப்பிட்டு, படம் போயிற்றா என்று விசாரித்தார். போய்விடும் என்று மட்டும் சொன்னார் சேசுராயன். சிவப்புப் படம் தயாராக இருந்தது. அனுப்புவதற்கு ஒரு தட்டு தட்டினால் போதும். சேசுராயன் அதன் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தார். ஐம்பத்து நான்கு வயதில் இனி எங்கே போய் வேலை கேட்பது என்றும் யோசித்தார். பிறகு சிவப்புப் படத்தை அழித்தார். டீச்சரின் படத்தையும் வண்டி அனுப்பிய மங்கிய படத்தையும், கையெழுத்துத் தாளையும் சேர்த்துக் கடைக்கு அனுப்பினார். மூன்றும் ஒரே சுவரில் வரவேண்டும், மங்கிய படமும் டீச்சர் படமும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று குறிப்பும் எழுதினார்.

திறப்பு விழா காலை பத்து மணிக்கு. எட்டு மணிக்கே தலைவர் வந்துவிட்டார். ஆவுடைநாயகியும் பேருந்திலிருந்து இறங்கி, பையைக்கூடக் கீழே வைக்காமல் உள்ளே வந்தார். சேசுராயன் வாசலிலேயே காத்திருந்தார். கடைக்காரர்கள் இரவே மாட்டிவிட்டுப் போயிருந்த சுவரை மூன்று பேரும் ஒரே நேரத்தில்தான் பார்த்தார்கள்.

இடப்பக்கம் மங்கிய மண். வலப்பக்கம் அதே மண், ஆள் உயரத்துக்கு, நீலமும் வெள்ளையும் குங்குமமுமாக. நடுவே எண்கள்.

"யாரு செஞ்ச வேலை இது?" என்றார் தலைவர்.

"நான்தான்," என்றார் சேசுராயன். கைகட்டிக்கொள்ளவில்லை. "நீங்க சொன்னதைச் செய்ய மாட்டேன்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும். இப்ப சொல்லுதேன்."

தலைவரின் முகம் கடுத்தது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். சேசுராயன் தலையாட்டினார். அவருக்குப் பயமாகத்தான் இருந்தது, ஆனால் சுவர் முன்னாலிருந்து நகரவில்லை. அதுவே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

தலைவர் ஆவுடைநாயகியின் பக்கம் திரும்பினார். குரலைத் தணித்துக்கொண்டார். இதில் டீச்சருக்குச் சம்பந்தமில்லை என்று தனக்குத் தெரியும் என்றார். நான் ஊரில் இல்லாதபோது நடந்தது, எனக்குத் தெரியாது என்று டீச்சர் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்துவிட்டால் அவருடைய பதவிக்கு ஒன்றும் வராது. ஃப்ளெக்ஸ்காரனை இப்போதே கூப்பிட்டு இரண்டில் ஒரு படத்தைக் கழற்றிவிடலாம் என்றார்.

"நீங்களே சொல்லுங்க டீச்சர். ஒரே மண்ணு, ரெண்டு நிறம். உள்ள வாறவன் எவனும் சும்மா போக மாட்டான். இதுல எதுங்க செவ்வாய்னு கேப்பான்."

ஆவுடைநாயகி பையைக் கீழே வைத்தார். சுவரின் அருகே போய், வலது ஓரத்தில் லேசாகச் சாய்ந்திருந்த படத்தை நிமிர்த்தினார்.

"கேக்கட்டும் தலைவரே. கேக்கட்டும்னுதான் ரெண்டையும் மாட்டியிருக்கோம்."