வாசனை இல்லாத விண்ணப்பம்

மருதோடைக் காட்டில், இலைகளை நெய்து கூடு கட்டும் முசுறு எறும்புகள் ஒரு கணினியை நடத்தி வந்தன. காட்டுக்குக் கணினி எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். கதையில் நரி பேசினால் நம்புகிறவர்கள் இதையும் நம்பலாம்.

ஓடைக்கரையில் ஒரு பாறை, பாறைமேல் ஒரு தொடுதிரை. எங்கே தண்ணீர் இருக்கிறது, எந்த மரம் பழுத்திருக்கிறது என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை ஒன்றும் அதற்கு இருந்தது. செந்நாய்க் கூட்டம் வருவதைப் பார்த்தவர் ஓடி வந்து அபாயப் பொத்தானை அழுத்த வேண்டும். காடு முழுக்கச் சங்கு ஊதும். எல்லோரும் தப்பித்துக்கொள்ளலாம்.

அந்தப் பொத்தானை அதிகம் அழுத்தியது வடிவு என்ற சருகுமான். முயல் அளவே இருக்கும் சின்ன மான் அது. செந்நாய்கள் ஓடையைத் தாண்டி ஏறும் பள்ளத்தில்தான் அவள் குடியிருந்தாள். அதனால் அவற்றை முதலில் பார்ப்பவளும் அவள்தான்.

பொத்தானோ கடுகத்தனை. அதை அழுத்தினால், "நிச்சயமாகவா?" என்று கேட்கும். ஆமாம் என்றால், எந்த மிருகம் என்று ஒரு நீளமான பட்டியலைக் காட்டும். சேறு ஒட்டிய குளம்பு வழுக்கும். செந்நாய்க்குப் பதிலாக மரங்கொத்தியை அழுத்திவிட்டு, வடிவு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். மரங்கொத்தி வருகிறது என்று யார் ஓடப் போகிறார்கள்? இதுவரை எப்படியோ சமாளித்துவிட்டாள். இப்போது அவளுக்குப் பிறந்து நாலே நாளான குட்டி இருந்தது. இனி ஒரு நொடி தாமதமானாலும் போகப்போவது அதன் உயிர் என்று அவளுக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான், கணினியின் இயங்குதளத்துக்குப் புதிய பதிப்பு வரப்போகிறது என்று முசுறுகள் அறிவித்தன. யாருக்கு என்ன மாற்றம் வேண்டுமோ கேட்கலாம் என்றன. காடே பரபரத்தது. திரை திறக்கும்போது தோகை விரிய வேண்டும் என்றது மயில். படங்களெல்லாம் கிளையில் தொங்குவதுபோல ஆட வேண்டும் என்றது குரங்கு. புனுகுப்பூனை மணவாளனுக்கு இருந்த குறையே வேறு.

"பொத்தானா அடுக்கி வெச்சிருக்கீங்க. கண்ணை உறுத்துது," என்றான் அவன். "எல்லாத்தையும் ஒளிச்சு வையுங்க. திரை கறுப்பா, சுத்தமா இருக்கட்டும்."

மணவாளன் பகலெல்லாம் மரப்பொந்தில் தூங்குபவன். செந்நாய்க்கு மரமேறத் தெரியாது. எங்கே பழம் பழுத்திருக்கிறது என்று பார்ப்பதைத் தவிர அவனுக்குக் கணினியிடம் வேறு வேலை கிடையாது. ஆனால் அபிப்பிராயத்துக்கு மட்டும் குறைவில்லை.

ஆசைகளை எடைபோட முசுறுகளிடம் ஒரு முறை இருந்தது. அவற்றின் தலைவி தையல்நாயகி, ஓர் ஆசைக்கு ஓர் இலை என்று மரத்தில் கட்டித் தொங்கவிடுவாள். அந்த ஆசையை ஏற்கிறவர்கள் அந்த இலையில் உடம்பை உரசிவிட்டுப் போக வேண்டும். மறுநாள் காலை எறும்புகள் உணர்கொம்பை ஆட்டிக்கொண்டு இலை இலையாக முகர்ந்து பார்க்கும். எந்த இலையில் வாசனை அதிகமோ, அந்த ஆசைக்கு ஆதரவு அதிகம் என்று அர்த்தம். வாசனையை வைத்தே வழி கண்டுபிடிக்கிற கூட்டம் அது. அதற்கு இது நியாயமாகத்தான் பட்டது.

மணவாளன் வந்தான், ஒரே ஒரு தடவை உரசினான், போனான். புனுகுப்பூனை உரசினால் கேட்க வேண்டுமா! பக்கத்து மரம்வரை மணத்தது.

வடிவும் வந்தாள். ஒரே அழுத்தில் சங்கு ஊத வேண்டும், பொத்தான் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஓர் இலை கட்டச் சொன்னாள். அதில் குளம்பை வைத்து எடுத்தாள். குட்டி தனியாக இருக்கிறதே என்று உடனே ஓடிவிட்டாள். சருகுமானுக்கு உடம்பில் வாசனை என்பதே அநேகமாகக் கிடையாது. அதனால்தான் செந்நாய்கள் இருக்கும் காட்டில் அவள் இத்தனை நாள் உயிரோடு இருந்தாள்.

மறுநாள் எறும்புகள் அந்த இலையை முகர்ந்தன. வெறும் இலை வாசனைதான் அடித்தது. இதை யாருமே கேட்கவில்லை என்று சொல்லிக் கீழே போட்டுவிட்டன.

மழை நின்றதும் புதிய பதிப்பு வந்தது. கறுப்புத் திரை பளபளவென்று இருந்தது. தொட்டதும் தோகை மெதுவாக விரிந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் ஆஹா என்றார்கள். கூட்டம் கலைந்த பிறகு வடிவு வந்தாள். திரையை மேலும் கீழும் தேடினாள்.

"அக்கா, சங்கு ஊதுற பொத்தான் எங்கே போச்சு?" என்று தையல்நாயகியிடம் கேட்டாள்.

"உள்ளேதான் இருக்கு. ஓரத்திலிருந்து மூணு விரலால இழுத்தா வந்துரும்."

வடிவு தன் காலைத் தூக்கிக் காட்டினாள். "எனக்கு ஒரு காலுக்கு ரெண்டு குளம்புதான் அக்கா."

தையல்நாயகிக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அதுவரை செந்நாய் வராதா என்று கேட்க நினைத்தாள் வடிவு. கேட்கவில்லை. பயந்த சுபாவம்.

நாலாம் நாள் உச்சிவெயிலில் செந்நாய்கள் வந்தன. வடிவு குட்டியைப் பெரணிப் புதரில் படுக்க வைத்துவிட்டு, பாறைக்கு ஓடி வந்தாள். வெயிலில் கறுப்புத் திரையில் அவள் முகம்தான் தெரிந்தது. குளம்பால் இழுத்தாள். தோகை விரிந்தது. மறுபடி இழுத்தாள். மறுபடியும் அதே தோகை, அதே நிதானம்.

மேலே கூட்டிலிருந்து தையல்நாயகி இதைப் பார்த்தாள். ஒருவர் அந்தத் திரையோடு போராடுவதை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இறங்கி ஓடி வந்து, தானே அதன்மேல் நடந்தாள். திரை அசையவே இல்லை. ஓர் எறும்பின் கனம் அதற்குப் போதவில்லை. சோதித்துப் பார்த்தபோதெல்லாம் நூறு எறும்புகள் சேர்ந்து நடந்திருந்தன. தான் நெய்த தளத்தைத் தன்னாலேயே இயக்க முடியவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இரும்மா, எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன்!" என்று கத்தினாள்.

வடிவு இருக்கவில்லை. இருக்கவும் முடியாது. செந்நாய்கள் பெரணிப் புதரை நெருங்கிவிட்டன. அவள் நேரே பள்ளத்துக்கு ஓடி, ஒரு கல்லின்மேல் ஏறி நின்று, கால்களால் தடதடவென்று தட்டினாள். நாய்கள் குட்டியை விட்டு அவள் பக்கம் திரும்பின. அவள் ஓடைக்குள் பாய்ந்தாள். பாய்வதற்குள் ஒரு நாய் அவள் பின்னங்காலைக் கடித்துவிட்டது.

அப்போதுதான் நூறு எறும்புகள் சேர்ந்து திரைமேல் நடக்க, சங்கு ஊதியது. காடு உஷாராகிவிட்டது என்று தெரிந்ததும் செந்நாய்கள் வந்த வழியே போய்விட்டன. குட்டி புதரில் அசையாமல் படுத்திருந்தது. வடிவின் கால் மட்டும் பழையபடி ஆகவில்லை.

தையல்நாயகி அவளைத் தேடிக்கொண்டு பள்ளத்துக்குப் போனாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். கேட்டதோ வேறொன்று. "அன்னைக்கே நீ ஏன் நாலு பேர் முன்னாடி சத்தம் போட்டுச் சொல்லலே?"

"கூட்டத்துல நின்னு பேச நேரம் ஏது அக்கா? குட்டிக்குக் காவல் இருக்கிறவளுக்கு."

தையல்நாயகி கூட்டுக்குத் திரும்பவில்லை. வடிவின் குளம்பின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மூன்று நாள் அங்கேயே இருந்தாள். வடிவு எப்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடப்பதையும், குளம்பில் ஈரம் காயாமல் இருப்பதையும், அவள் கண் எட்டும் உயரத்தையும் பார்த்துத் தெரிந்துகொண்டாள். பிறகு கூட்டுக்குத் திரும்பி, இலை எதையும் கட்டாமல் வேலையை ஆரம்பித்தாள்.

அடுத்த பதிப்பில் திரையின் அடியில், பாதித் திரையை அடைத்துக்கொண்டு, ஒரு சிவப்புக் கட்டம் இருந்தது. எதனால் தொட்டாலும் போதும். மணவாளனுக்குத் தாங்கவில்லை. களிமண் கட்டி மாதிரி இருக்கிறது, அழகே போய்விட்டது என்று மரத்துக்கு மரம் போய்ப் புலம்பினான்.

"நீ இங்கே பழம் தேடி வர்றே தம்பி," என்றாள் தையல்நாயகி. "அவ உயிருக்குப் பயந்து ஓடி வர்றா."

அந்த வாரமே செந்நாய்கள் மறுபடி வந்தன. வடிவு நொண்டிக்கொண்டே வந்து, கடிபட்ட காலால் ஒருமுறை தொட்டாள். சங்கு ஊதியது. புதிய பொத்தானைப் பாராட்ட அங்கே யாரும் நிற்கவில்லை. எல்லோரும் அதற்குள் தப்பிப் போயிருந்தார்கள், அவளும் குட்டியும் உட்பட.

பலர் புழங்கும் ஒன்றைத் திருத்த நினைப்பவர்கள், அதைப் பற்றி அதிகம் பேசுகிறவரைக் கேட்பதோடு நின்றுவிடாமல், அதை நம்பி உயிர் வாழ்கிறவரின் பக்கத்தில் போய் இருந்து பார்க்க வேண்டும்.