மேனேஜருக்குத் தெரிந்த இங்கிலீஷ்

திருப்பூர் பனியன் கம்பெனி மேனேஜர் தாமோதரனுக்கு, தனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதைவிட மற்றவர்களுக்குத் தெரியாது என்பதில்தான் பெருமை அதிகம்.

பேக்கிங்கில் நாளெல்லாம் நின்று கால் வீங்கிப்போன மரகதம், சூப்பர்வைசர் வேலை கேட்டு வந்தாள். வெளிநாட்டுக்காரர்களோடு பேச வேண்டிய வேலை. "இவ இங்கிலீஷ் எப்படின்னு பாத்துச் சொல்லுங்க" என்றார் முதலாளியம்மா.

தாமோதரன் நாற்காலியை விட்டு எழுந்தார். குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே இங்கிலீஷ் மரபுத்தொடர்களை அள்ளி வீசினார். "அர்த்தம் சொல்லு! சீக்கிரம்! சரி, அடுத்தது!" அவள் வாயைத் திறப்பதற்குள் இன்னொன்று வந்து விழுந்தது.

மரகதத்துக்குப் பொறுக்கவில்லை. "சார், நான் ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"எனக்குத் தெரியாத இங்கிலீஷா? கேளு, கேளு!"

"புட்டிங் எ ஃப்ளவர் ஆன் தி இயர். அப்படின்னா என்னங்க சார்?"

நடை நின்றது. முதலாளியம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுவா! லண்டன்ல தினமும் பேசுறதாச்சே. விருந்தாளிக்கு மரியாதை பண்றதுன்னு அர்த்தம். இதுகூடத் தெரியாம வந்துட்டே!"

மரகதம் முதலாளியம்மா பக்கம் திரும்பினாள்.

"இங்கிலீஷ்ல அப்படி ஒண்ணு இருக்கறதா நான் கேள்விப்பட்டதே இல்லீங்கம்மா. நம்மூர்ல காதுல பூ சுத்துறதும்பாங்களே, அதைத்தான் இப்ப நானே இங்கிலீஷ்ல சொல்லிப் பாத்தேன். அர்த்தம் எனக்குத் தெரியுமுங்க. சார் இப்ப உங்களுக்குச் செஞ்சாரே, அதேதான்."

முதலாளியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உக்காரு மரகதம்" என்றார்.

அங்கே காலியாக இருந்த ஒரே நாற்காலி தாமோதரனுடையது.